ஜமீலா எழுதிய வழித்துணை

செய்தி வந்தபோது ஓரிக்கை போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். ஜமீலாவின் தம்பி இம்தியாஸ் செல்போனில் கூப்பிட்டான். "அண்ணா, ஆபா போயிட்டாங்க. காலைல ஆஸ்பத்திரியிலயே. அஸர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவோம்" என்றான். அழுது முடித்த குரல். என் வாயிலிருந்து முதலில் வந்தது இதுதான்: "நீ ஒண்ணும் கவலைப்படாத இம்தியாஸ், எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்." அவன், "பாத்துக்கறதுக்கு ஒண்ணும் இல்லண்ணா. நீங்க வந்தா போதும்" என்றான்.

அந்த வாக்கியத்தை வாழ்நாளில் நான் ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அன்று சொன்ன பிறகு மட்டும் ஏதோ உறுத்தியது. என்ன உறுத்தல் என்று தெரிய ஒரு வாரமாயிற்று.

கடைசி ஆண்டுகளில் ஜமீலா கணினி மையம் ஒன்றில் பாடம் எடுத்தாள். அங்கே படித்தவர்கள் சேர்ந்து அவள் நினைவாக ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதற்கு என்னை எழுதச் சொன்னவனும் இம்தியாஸ்தான். "நீங்கதான்ணா ஆபாகூட கூடவே இருந்தவரு" என்றான். ஆமாம், கூடவே இருந்தவன். அவளை அறிந்த உங்கள் எல்லோருக்கும் அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். ஜமீலா என்னைவிட இரண்டு மாதம் பெரியவள். ஆனால் நாங்கள் வா, போ என்றே பேசிப் பழகியவர்கள். இப்போது 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாயிரத்தின் தொடக்கம் அது. செவிலிமேட்டில் ஒரு புது வீட்டின் மாடியில் நாங்கள் ஆறு பேர் கணினி விளையாட்டு ஒன்று செய்துகொண்டிருந்தோம். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல, கதை விளையாட்டு. காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் பாலாற்றங்கரையோடு திருமுக்கூடல் வரைக்கும் நடக்கிறாள். ஆடுகிறவர்தான் அந்தப் பெண். வழித்துணையாக நான்கு பேர் சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் ஏதாவது சொன்னால், நாம் சொல்லக்கூடிய பதில்கள் திரையின் அடியில் வரிசையாக வரும். ஒன்றை அழுத்த வேண்டும். பிடிக்காத துணையை, 'நீ போகலாம்' என்ற பதிலை அழுத்தி எந்த நேரமும் அனுப்பிவிடலாம். நிரல் எழுதுவது என் வேலை, வசனம் ஜமீலாவுடையது.

நான்கு துணைகளில் ஒருவன் கெட்டவன். அவனை முதலில் நான்தான் எழுதினேன், ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கி. கன்னத்தில் வெட்டுக்காயம், கறுப்புச் சால்வை, வாக்கியத்துக்கு ஒரு சிரிப்பு. பசுத்தோல் போர்த்திய புலி என்பார்கள். நான் எழுதியது புலித்தோல் போர்த்திய புலி. ஆடிப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் முதல் ஊரிலேயே அவனை அனுப்பிவிட்டார்கள். ஜமீலா என் தாள்களைப் படித்துவிட்டு, "இவனை யாருபா கூட வெச்சுப்பாங்க? இவன் கெட்டவன்னு இவனே தண்டோரா போட்டுக்கினு வர்றான்" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. "அப்ப நீயே எழுது" என்று தூக்கிக் கொடுத்தேன்.

மறுநாள் மத்தியானம் என்னைப் பெருமாள் கோயில் தெருவுக்குக் கூட்டிப் போனாள். ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தோம். "அந்த ஆளைப் பாரு" என்றாள். வெளியூர்க்காரர்களைப் பட்டுக்கடைக்குக் கூட்டிப் போகிற புரோக்கர் ஒருவர். வேனில் வந்து இறங்கிய குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார். கடையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. செருப்பைப் பத்திரமாக வைக்க இடம் காட்டினார். தரை கொதிக்கிறது என்று வயதான அம்மாளுக்கு நிழல் பக்கமாக வழி காட்டினார். குழந்தைக்குத் தண்ணீர் வாங்கி வந்தார். தரிசனம் முடிந்து வெளியே வந்தபோது அந்த அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்து அவர்கள் எந்தக் கடையில் நுழைந்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. யார் முடிவு அது என்று கேட்டால் எங்கள் முடிவுதான் என்றே அந்தக் குடும்பம் சொல்லியிருக்கும்.

"இதுல எது பொய்யி, சொல்லு" என்றாள் ஜமீலா. "அந்தம்மாவுக்குக் கால் நெஜமாவே சுட்டுது. கொழந்தைக்கு நெஜமாவே தாகம். கெட்டவன் செய்யிற நல்லது எல்லாம் நெஜமா இருக்கணும் ரங்கா. அதுல பொய் கலந்தா எவனும் கூட வெச்சுக்க மாட்டான்."

அப்படிப் பிறந்தவன்தான் சாந்தன். ஜமீலாவின் சாந்தன் கோபப்பட மாட்டான், பொய் சொல்ல மாட்டான். பாரம் சுமப்பான், காவல் இருப்பான், கேட்பதற்கு முன்னால் உதவுவான். அவன் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: "நீ கவலைப்படாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்." நாம் அதற்குத் தலையாட்டும் ஒவ்வொரு முறையும் திரையின் அடியிலிருக்கும் பதில்களில் ஒன்று நிரந்தரமாகப் போய்விடும். ஐந்து நான்காகும், நான்கு மூன்றாகும். போகிற பதில்களில் 'நீ போகலாம்' என்பதும் ஒன்று. "போறது தெரியக் கூடாது. ஆடறவங்களுக்கு நிம்மதியாத்தான் இருக்கணும்" என்றாள்.

"இதெல்லாம் செஞ்சு இவனுக்கு என்னதான் வேணும்? நகையா, ராஜ்ஜியமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வாணாம். இவன் இல்லாம அந்தப் பொண்ணால முடியாதுன்னு ஆவணும். அவ்ளோதான்."

பிரமாதமான யோசனை என்று சிரித்துக்கொண்டே நிரலை எழுதினேன். எனக்கு அப்போது ஒன்றுமே உறைக்கவில்லை.

விளையாட்டைச் சோதித்துப் பார்க்க தனலட்சுமி என்றொரு பெண் இருந்தாள். மூன்று நாள் ஆடினாள். மற்ற மூன்று துணைகளையும் ஏதோ ஒரு கட்டத்தில் அனுப்பிவிட்டாள். சாந்தனை அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டேன். "அவரை எதுக்கு சார் அனுப்பணும்? அவருதானே எல்லாம் பாத்துக்கறாரு" என்றாள். மற்றவர்கள் எல்லாம் அவளுக்கு அவன், இவன். சாந்தன் மட்டும் அவர். அதைக் கேட்டு ஜமீலா கைதட்டவில்லை. முகம் வாடிப் போய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தனலட்சுமி தந்த பிழைப் பட்டியலில் கடைசியாக ஒன்று இருந்தது: 'போகப் போகப் பதில்கள் குறைகின்றன. சரி செய்யவும்.'

சரி செய்தேன். அதுதான் என் புத்தி. பிழை என்று ஒருவர் எழுதிவிட்டால் எனக்குக் கை பரபரக்கும். அன்று சாயங்காலமே உட்கார்ந்து போன பதில்களையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தேன். காலையில் ஜமீலாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"என்னைக் கேட்டியா?" என்றாள்.

"நீ நோன்புல இருக்கே. களைச்சுப் போயிருப்பே, உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நானே பாத்துக்கிட்டேன்."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. நோட்டை எடுத்து ஒரு வரி எழுதினாள். என்ன எழுதுகிறாய் என்றதற்கு, "டயலாக்" என்றாள். அந்த வரி விளையாட்டில் இருக்கிறது, நான்காவது ஊரில் சாந்தன் சொல்கிறான்: 'நீ களைத்திருந்தாய். உன்னைத் தொந்தரவு செய்யாமல் நானே பார்த்துக்கொண்டேன்.' நான் சொன்னதை வசனமாக வைத்துவிட்டாள் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். குறைக்கும் நிரலை மறுபடி போட்டுக் கொடுத்தேன். கண் முன்னால் கண்ணாடியைப் பிடித்தாள். நான் தலை வாரிக்கொண்டு போனேன்.

இனி வருவதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் ஜமீலா லீவு. சிறு வயதிலிருந்தே அவளுக்கு இதயத்தில் ஒரு குறை, அதற்கான பரிசோதனைக்குப் போயிருந்தாள். ஆபீஸ் போன் அடித்தது, எடுத்தேன். பெங்களூரில் பெரிய விளையாட்டுகள் செய்கிற ஒரு நிறுவனம். நாங்கள் அனுப்பிய மாதிரியைப் பார்த்திருக்கிறார்கள். பேசிய அம்மாள், "சாந்தனை எழுதியவங்க யாரு? அவங்க எங்களுக்கு வேணும். நேரில் வரச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

யோசிக்கக்கூட இல்லை. "அவங்க வீட்ல அனுப்ப மாட்டாங்க மேடம். கொஞ்சம் கட்டுப்பாடான குடும்பம். உடம்பும் சரியில்லை. அவங்களால வர முடியாது, சொன்னா கஷ்டப்படுவாங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றேன். அவர் வருத்தப்பட்டு வைத்துவிட்டார்.

அவள் வீட்டில் அனுப்புவார்களா என்று நான் அவளைக் கேட்டதில்லை. அவள் அப்பாவைக் கேட்டதில்லை. அந்த வீட்டைப் பற்றி நானாக ஒன்றை நினைத்துக்கொண்டு அதையே காரணமாக்கினேன். அவள் போய்விட்டால் விளையாட்டு பாதியில் நின்றுவிடும் என்பது உண்மை. பக்கத்து மேசையில் அவள் இல்லாத ஆபீஸை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை என்பது அதைவிட உண்மை. அதற்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வையுங்கள். போன் வந்த விஷயத்தை அவளிடம் சொல்லவில்லை.

விளையாட்டு முடிகிற வாரம், கடைசிக் காட்சியின் வசனத்தை ஒரு பிளாப்பியில் கொண்டுவந்து வைத்தாள். சிடி அடிக்க அனுப்ப வேண்டிய நாள் கழுத்தை நெரித்தது. திறந்துகூடப் பார்க்காமல் கோப்பை அப்படியே உள்ளே போட்டேன். மாலையில் வந்து, "படிச்சியா?" என்றாள்.

"படிச்சேன்."

"எப்படி இருக்குது?"

"பிரமாதம்" என்றேன்.

வெகு நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் அவள் மாறவில்லை. ஆபீஸை மூடிய பிறகும் பெருநாளுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினாள், என் கல்யாணத்துக்கு வந்தாள். ஆனால் அதன் பிறகு அவள் இருந்த ஆறு வருடத்தில் என்னிடம் ஒரு யோசனைகூடக் கேட்டதில்லை. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அவள் அப்பா கரீம் பாய் ஜரிகை வியாபாரி, அதிகம் பேசாதவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வெளியூர்ல எவனாவது கூப்டா போயிடும்மா, நான் இருக்கறேன்னு சொல்லிக்கினே இருந்தேன்பா. கடைசி வரிக்கும் எவனும் கூப்புடல. திறமை இருந்துச்சு, நசீப் இல்ல, என்னா பண்றது" என்றார். நான் தலையாட்டினேன். அவர் கை என் கைமேல் இருந்தது. என் கையை எப்படி உருவிக்கொள்வது என்று தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழைய சிடியைத் தேடி எடுத்தேன். நான் செய்த விளையாட்டை நான் முழுதாக ஆடியதே இல்லை. நிரல் எழுதியவனுக்குக் குறுக்கு வழி தெரியும்; வேண்டிய காட்சிக்கு நேராகத் தாவிவிடுவேன். இந்த முறை முதலிலிருந்து ஆடினேன், சாந்தன் செய்த உதவி எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டு. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதில்கள் போனதை, எழுதியவன் நானே கவனிக்கவில்லை. திருமுக்கூடல் வந்தது. மூன்று ஆறும் சேரும் இடத்தில் அக்கரையில் யாரோ நிற்கிறார்கள். அந்தப் பெண் தண்ணீரில் கால் வைக்கிறாள். சாந்தன் அவள் தோளைத் தொட்டுச் சொல்கிறான்:

'மேற்கேயிருந்து உனக்கு ஓர் ஓலை வந்தது. உன்னை வரச் சொல்லியிருந்தார்கள். உன் வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்று நானே பதில் சொல்லிவிட்டேன். உனக்கு எதற்கு அலைச்சல்? நான் இருக்கிறேனே.'

திரையின் அடியில் ஒரே ஒரு பதில் இருந்தது: 'சரி.'

அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியவில்லை. பெங்களூர் அம்மாள் மறுபடி அழைத்திருக்கலாம். தெரிந்த பிறகு அவள் ஏன் தானே போகவில்லை, வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்க இனி வழியில்லை. அந்தக் கடைசிக் காட்சிதான் அவள் எனக்கு எழுதிய கடிதம்; அதைத்தான் பிளாப்பியில் என் மேசையில் வைத்தாள். நான் அதைப் படிக்காமலே பிரமாதம் என்றேன். தான் செய்ததைப் படித்தும் பிரமாதம் என்று சொல்லக்கூடியவன் இவன் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் ஆறு வருடம் எனக்குப் பிரியாணி அனுப்பியிருக்கிறாள்.

இதை எழுதி முடித்ததும், இம்தியாஸிடம் கொடுக்காமல் வேறொன்று எழுதிவிடலாமா என்று தோன்றியது. 'பெரியவருக்கு வயதாகிவிட்டது. இப்போது போய் அவரை எதற்கு வருத்த வேண்டும்? நாமே பார்த்துக்கொள்ளலாம்.' பொறுமையான, அக்கறையான குரல். அதில் பொய் எதுவும் இல்லை. அவருக்கு வயதாகிவிட்டது நிஜம், வருத்தப்படுவார் என்பதும் நிஜம். முன்பானால் இதை என் நல்ல குணம் என்று நினைத்திருப்பேன். இப்போது அது யார் குரல் என்று எனக்குத் தெரிகிறது. ஜமீலாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குரலை அடையாளம் காண்பது ஒன்றுதான். தெரிந்துவிட்டதால் அந்தக் குரல் என்னைவிட்டுப் போய்விடவில்லை. இதை எழுதும்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

கரீம் பாய், இந்த மலரை இம்தியாஸ் உங்களுக்குப் படித்துக் காட்டுவான். பெங்களூரிலிருந்து உங்கள் மகளைக் கூப்பிட்டார்கள். வரமாட்டாள் என்று சொன்னவன் நான்.