நான் எழுதிய சுருக்கம்

ஜப்பான்காரன் காலத்தில் சிங்கப்பூரில் நான் அவர்களுடைய அலுவலகமொன்றில் கிளார்க். ஒரு நாள் அதிகாரி பழைய ஆங்கில நாடகப் புத்தகம் ஒன்றை என் மேசையில் போட்டு, சுருக்கம் எழுதித் தரச் சொன்னார். ஒரு வீட்டுச் சோதனையில் எடுத்ததாம். முதல் பக்கத்தில், ஃபேரர் பார்க்கில் என் பக்கத்து வீட்டில் இருந்த வாத்தியாரின் பெயர் எழுதியிருந்தது.

ராஜா ராணி கதை என்று கிறுக்கிக் கொடுத்திருக்கலாம். என் ஆங்கிலத்தின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம். 'கொடுமைக்கார அரசனைக் குடிமக்கள் பதவியிலிருந்து இறக்கலாமா என்பதே கேள்வி. இறக்கலாம் என்கிறது நாடகம்' என்று அழகாக எழுதினேன். அதிகாரி பாராட்டினார். நானும் பல்லை இளித்தேன்.

மறுநாள் வாத்தியாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அவர் மனைவி அவித்த மரவள்ளிக்கிழங்கோடு வந்தார்.

"தம்பி, உங்கட இங்கிலீஷ் திறம் எண்டு அவர் எப்பவும் சொல்லுவார். அவரை விடச் சொல்லி ஒரு மனு எழுதித் தாங்கோ."

சுருக்கம் எழுதியது நான்தான் என்பதைச் சொல்லாமலே மனுவை எழுதினேன். 'அந்த நாடகம் வெறும் கதை, அதில் அரசியல் எதுவும் இல்லை' என்றும் எழுதினேன்.

வாத்தியார் திரும்பவே இல்லை. அந்த ஒரு வரியை அதிகாரிக்குக் கொடுத்த முதல் தாளிலேயே எழுதியிருக்கலாம்.