தாழம்பூ வைக்காத ஜடை

கல்லூரியில் தத்துவம் நடத்தும் நான், முதல் வகுப்பை எங்கள் ஊர்க் கதையோடுதான் தொடங்குவேன். நெருப்புத் தூணாக நின்ற அண்ணாமலையாரின் அடியைத் தேடிப் போன திருமால், காணவில்லை என்று ஒப்புக்கொண்டார். முடியைத் தேடிப் போன பிரமனோ, வழியில் விழுந்துகொண்டிருந்த தாழம்பூவைப் பொய்ச்சாட்சிக்குக் கூட்டி வந்தார். "தெரியாததைத் தெரியாது என்று சொல்வதில்தான் தத்துவம் தொடங்குகிறது" என்பேன். மாணவர்கள் அசந்துபோவார்கள். திருவண்ணாமலையில் பிறந்தவனுக்கு இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கிறது என்று ஒரு மிதப்பு எனக்கு.

தொண்ணூற்றொன்றில் நான் பன்னிரண்டாவது படித்தேன். அப்பாவை வேலூரில் ஆபரேஷனுக்குச் சேர்த்திருந்தார்கள். பிள்ளைகள் இருவரும் வெறுங்காலோடு மலை சுற்றுவார்கள் என்று அம்மா வேண்டிக்கொண்டு, அப்பாவோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். நானும் அக்காவும் கிளம்பினோம். நான் எழுந்ததே லேட். பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் வெயில் ஏறி, தார் ரோடு காலைப் பொசுக்கியது. டவுனுக்குப் போகிற வேன் ஒன்று வந்தது. ஏறிவிட்டேன். அக்கா ஏறவில்லை. மீதி தூரத்தைத் தனியாக நடந்து அவள் தேரடிக்கு வந்தபோது நான் சோடா குடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா கேட்டா நானும் முழுசா நடந்தேன்னு சொல்லிடுக்கா" என்று கெஞ்சினேன்.

அம்மா என்னைக் கேட்கவே இல்லை. அவளைத்தான் கேட்டாள்.

"தம்பி முழுசா நடந்தானா?"

"நடந்தாம்மா."

அப்பா பிழைத்து வந்தார். "எம் புள்ள கால் கொப்பளிக்க நடந்தான், அவரு எழுந்து வந்துட்டாரு" என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னாள். நான் திருத்தவில்லை. அக்கா கல்யாணத்துக்கு, சின்ன வயதிலிருந்து அவள் ஆசைப்பட்டதாயிற்றே என்று அம்மா தாழம்பூ வாங்கி வந்தாள். ஜடையில் வைத்துத் தைக்க அக்கா விடவில்லை. தலைவலிக்கும் என்றாள். நானும் நம்பினேன். நம்பியது எனக்கு வசதியாக இருந்தது.

அம்மா இறந்த மறு வருடம் எங்கள் ஊரில் ஒரு கூட்டத்தில் பேசக் கூப்பிட்டார்கள். அதே கதையைச் சொன்னேன். நல்ல கைதட்டல். அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்தாள்.

"கத நல்லாதான் சொன்ன. அந்தப் பூ அப்புறம் என்னாச்சுனு சொல்லவே இல்லியே."

பொய் சொன்ன பூ சிவ பூஜைக்கு ஆகாது என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். அவளுக்குத் தெரியாததா?

"அம்மா போறதுக்குள்ள நீயே சொல்லிடுவனு பாத்துக்கினே இருந்தேன்டா" என்றாள். "அவங்ககிட்ட பொய் சொன்னது நான்தானே."