கதிர் வந்த வயலில் இறங்கினேன்

என் கூட்டாளி பொய் சொல்கிறார். விமானத்தை ஓடுதளத்துக்கே திருப்பியிருக்கலாம், நான்தான் பயந்துபோய் வயலில் இறக்கி நொறுக்கிவிட்டேன் என்று தில்லை நகர் முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

காட்டூர் ஷெட்டில் நாங்கள் இருவரும் நான்கு வருடம் கட்டிய சின்ன விமானம் அது. துறையூர்ப் பக்கத்து மண் ஓடுதளத்தில் கிளம்பி, மூன்று பனைமர உயரம் போனதும் என்ஜின் நின்றுவிட்டது. அந்த உயரத்தில் திரும்பினால் வேகம் குறைந்து தலைகுப்புற விழுவோம். மூக்கைத் தாழ்த்தி நேரே இறங்குவதுதான் வழி. நேரே இருந்தது அறுப்புக்கு நின்ற நெல்.

“ஐயோ, கதிர் வந்துருக்குங்க! திருப்புங்க, திருப்புங்க!” என்று பக்கத்து சீட்டிலிருந்து கூட்டாளி கத்தினார்.

இருவருமே விவசாயி வீட்டில் பிறந்தவர்கள். விளைந்த நெல்லில் கால் வைத்தால் அடி விழும் வீடு. என் கையும் ஒரு நொடி திருப்பத்தான் போனது. உயிரைவிட நெல் பெரிதாகத் தெரிந்த அந்த நொடியை இன்றும் யோசிக்கிறேன். பிறகு நேரே இறக்கினேன். சக்கரம் முறிந்தது, இறக்கை கிழிந்தது. நாங்கள் நடந்து வெளியே வந்தோம்.

வயல்காரர் ஓடிவந்தார். “நெல்லு கெடக்கட்டுங்க, உங்களுக்கு அடி கிடி பட்டுச்சா?” என்றார்.

இப்போது அதே ஷெட்டில் இன்னும் இரண்டு பேர் விமானம் கட்டுகிறார்கள். என்ஜின் நின்றதும் என் கூட்டாளி பேச்சை நம்பித் திருப்பினால் செத்துப்போவார்கள். கூட்டாளி, உங்களைத்தான் கேட்கிறேன். அவர்கள் முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: அன்று நான் திருப்பியிருந்தால், இன்று நீங்கள் இருப்பீர்களா?