நடுக்கட்டம்

துணி என் மடியில் கிடக்கிறது. ஒன்பது கட்டம். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. எட்டுக் கட்டம் தட்டையாகப் படிந்திருக்கிறது. நடுவில் இருக்கிற பச்சை மட்டும் கொஞ்சம் உப்பி நிற்கிறது. எத்தனை தரம் துவைத்தும் அது படியவில்லை. என் மகள் அதன் மேல் படுத்துத்தான் வளர்ந்தாள். அந்த மேடு ஏன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டு பேர். நானும் மதினியும்.

மதினி என் அண்ணன் பெண்சாதி. கந்தப்பளைப் பக்கம் ஒரே தேயிலைத் தோட்டம், ஒரே லயம், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டின வீடுகள். எங்கள் காம்பராவும் அவர்கள் காம்பராவும் அடுத்தடுத்து. நடுவில் ஒரு சுவர்தான். அவர் இருமினால் எனக்குக் கேட்கும். கலியாணமாகிப் பத்து வருசமாகியும் அவருக்குப் பிள்ளை இல்லை. எனக்குப் பிறந்த முதல் இரண்டும் தங்கவில்லை. ஒன்று பதினோரு நாள். ஒன்று மூன்று மாதம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளை தங்காத வீட்டில் அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது. பிள்ளைகள் நல்லபடியாக இருக்கிற ஒன்பது வீட்டில் பழந்துணி பிச்சை கேட்டு, ஒட்டித் தைத்து, அதில்தான் கிடத்த வேண்டும். பெற்றவள் போய்க் கேட்கக் கூடாது. கேட்கப் போகிறவள் வாசற்படி தாண்டக் கூடாது. கொடுக்கிறவள் கத்தரிக்கோல் வைக்காமல் கையாலேயே கிழித்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வயிற்றில் தங்கியதும் மதினி, "நான் போறேன்" என்று கிளம்பிவிட்டார். யாரும் சொல்லவில்லை.

மேல் லயத்தில் ஒரு வீட்டில் அவர் கேட்டது எங்கள் வாசலுக்கே கேட்டது. அந்த வீட்டுக்காரி, "சீலைய முழுசா தந்துறவாடி? நான் சாக்க சுத்திக்கிட்டு காலையில பேரு குடுக்க பெரட்டுக்கு வாரேன்" என்றாள். "தா, பேரு போடுற கண்டாக்கையா மயங்கி விழுந்துருவாரு. நமக்கு ஒருநா லீவு" என்றார் மதினி. லயமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவளே சொன்னாள்: "கேக்க வந்தது சரி. ஒன் துணி மட்டும் அதுல சேந்துறாம பாத்துக்க." மதினி, "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தைத்தார். கொழுந்து கிள்ளுகிற விரல் வெடித்துத்தான் இருக்கும். நூல் அந்த வெடிப்பில் மாட்டும். அதனால் நூலை மெழுகுதிரியில் இழுத்துக்கொள்வார். சவர்க்காரப் பெட்டி அட்டையை அளவு வைத்துத் துண்டுகளைச் சமமாக்கினார். மும்மூன்றாக இணைத்து மூன்று வரிசை. பிறகு வரிசையோடு வரிசை. மூலைகள் சேருகிற இடத்தில்தான் நேரமெடுக்கும். "நாலு வீட்டுக்காரி ஒரே எடத்துல வந்து நிக்கிறாளுக. சண்ட போடாம இருக்கணும்ல" என்பார். தையல் அரிசி மணியை விடச் சின்னது. அடியில் கொடுக்கப் பழைய கம்பளியையும் மாவுப் பைத் துணியையும் துவைத்து வைத்திருந்தார்.

முடித்து என் கையில் கொடுத்தார். நடுக்கட்டம் அரக்கு நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு. "இது யார் வீட்டுது மதினி?" என்றேன். "கீழ் லயத்துல, ஆறு புள்ளக்காரி குடுத்தது" என்றார். எனக்குத் தெரியும். அது அவருடைய கூறைச்சீலை. கலியாணத்தன்று அதற்குக் கொசுவம் வைத்துக் கட்டிவிட்டதே நான்தான்.

அவர் போன பிறகு தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கை எடுத்தேன். தையலைப் பிரித்தேன். நான்கு பக்கமும். சுலபமாக வரவில்லை. மற்றக் கட்டங்களுக்கு ஒரு தையல், அதற்கு மட்டும் இரட்டைத் தையல் போட்டிருந்தார். எனக்கு அப்போது கோபம்கூட இல்லை. பயம். பதினோரு நாளும் மூன்று மாதமும் கண்ணுக்குள் நின்றன. கட்டம் கையோடு வந்துவிட்டது. அதே நேரம் மதினி எதையோ எடுக்கத் திரும்பி வந்தார். வாசலில் நின்று என் கையைப் பார்த்தார். துணியில் ஓட்டையைப் பார்த்தார்.

"நூல அறுத்துப்புட்டியா?" என்றார்.

"இல்ல. உருவித்தான் எடுத்தேன்."

"வை. வீணாக்காத."

நூலை விரலில் சுற்றிக்கொண்டார். அரக்குத் துண்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நேராகக் கீழ் லயத்துக்கு இறங்கிப் போனார். உண்மையிலேயே ஆறு பிள்ளைக்காரியிடம் கேட்டு இந்தப் பச்சைத் துண்டை வாங்கி வந்தார். நான் பிரித்ததில் ஓரமெல்லாம் பிசிறிப் போயிருந்தது. பிசிறை மடித்துப் பிடிக்கப் பச்சையைக் கொஞ்சம் பெரிதாக வைக்க வேண்டியதாயிற்று. அந்த நூலையே ஒட்டுப்போட்டுத் தைத்தார். அதுதான் உப்பி நிற்கிறது.

பிள்ளை தங்கியது. நான் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற நாளெல்லாம் அவளைத் துணியோடு சுற்றி, தோட்டத்துப் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவுக்குத் தூக்கிப் போனது மதினி. அவள் முதலில் நடந்ததும் மதினி பக்கம்தான். ஏன் அந்தத் துண்டை வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விசயம். மன்னிப்பும் கேட்கவில்லை. எங்களுக்கு அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

இப்போது மகள் கொட்டகலையில் இருக்கிறாள். வயிற்றில் ஏழு மாதம். முதல் பிள்ளை. பிச்சைத் துணிக்கு அவசியமே இல்லை. அந்த வழக்கத்தையும் இப்போது யாரும் பார்ப்பதில்லை. போன வாரம் நான் போய் மதினி வாசலில் நின்றேன். அவர் சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னா நாத்தனாரே, வாசல்ல நிக்கிற? உள்ள வா."

"வரக் கூடாது மதினி. புள்ளைக்குத் துணி கேட்டு வந்திருக்கேன்."

அரிசியில் அளைந்துகொண்டிருந்த கை நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கழுத்தைப் பார்த்தார்.

"ஒன்பது வீட்டுல எங்க வீடு எத்தனாவது?"

"மொதோ வீடு. நடுக்கட்டத்துக்கு."

"அப்ப கழுத்துல கெடக்குற ஊக்க மொதல்ல கழட்டி வை."

கழற்றி வாசற்படியில் வைத்தேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியைத் திறந்து அரக்குச் சீலையை எடுத்து வந்தார். முந்தானை ஓரத்தில் முன்பு கிழித்த இடம் அப்படியே இருந்தது. அதன் பக்கத்திலேயே பிடித்து இழுத்தார். பழைய துணி, சத்தமில்லாமல் கிழிந்தது.

பச்சையை நான் பிரிக்கப் போவதில்லை. அதைக் கொடுத்தவளும் மனதோடுதான் கொடுத்தாள். இந்தப் பழைய துணியைப் பார்த்துப் புதிதாக ஒன்று தைக்கிறேன். எட்டு வீடு இனித்தான் கேட்க வேண்டும். அரக்குத் துண்டை மடியில் நடுவில் வைத்திருக்கிறேன். ஓரத்தில் இரட்டைத் தையல் போட வேண்டும்.