முகம் பார்க்க வாங்கிய தொலைக்காட்சி

என் மனைவியின் தங்கை போர் நடந்த வன்னிக்குள் அகப்பட்ட பிறகுதான் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மரியாதை வந்தது. அதுவரை அது கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன் அறையில், தலையில் பின்னல் விரிப்பும் அதற்கு மேல் பிளாஸ்டிக் பூச்சாடியுமாகச் சும்மா குந்தியிருந்தது. பதினான்கு அங்குலம், முதுகு பெருத்த பழைய குழாய்ப் பெட்டி. நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தொலைக்காட்சிக்கு முன்னால் நேரத்தைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

தங்கை கணவனை இழந்தவள். பதினேழு வயதில் ஒரு மகனும் பதினொரு வயதில் ஒரு மகளும் அவளோடு இருந்தார்கள். "இந்த இடமும் சரிவராது போல கிடக்கு அக்கா, நாளைக்கு வெளிக்கிடுறம்" என்று தொலைபேசியில் சொன்னதுதான் கடைசி. அதன்பிறகு எழுத முகவரியும் இல்லை, அழைக்க இலக்கமும் இல்லை. கேட்கக்கூடிய இடமெல்லாம் போய்க் கேட்டோம். எல்லா இடத்திலும் பெயர்களை எழுதிக்கொண்டார்கள்.

போரின் கடைசி மாதங்களில், சனம் வெளியே வருவதைத் தொலைக்காட்சியில் காட்டத் தொடங்கினார்கள். இடுப்பளவு தண்ணீரில் மூட்டையோடு நடக்கிறவர்கள், வெட்டவெளியில் வரிசையாகக் குந்தியிருக்கிறவர்கள், சாப்பாட்டுப் பார்சலுக்குக் கை நீட்டுகிறவர்கள். எல்லாம் சேர்த்து இரண்டு மூன்று நிமிடம். தமிழ்ச் செய்தியில் அதையும் சுருக்கிவிடுவார்கள் என்பதால் நாங்கள் சிங்களச் செய்தியையே பார்த்தோம்.

அதைப் பார்ப்பதற்கு எங்களிடம் ஒரு முறை இருந்தது. தெருப்பக்கத்து யன்னலைச் சாத்துவோம். பெட்டியின் சத்தத்தை முற்றாகக் குறைத்துவிடுவோம். பக்கத்துச் சிங்கள வீட்டிலும் அதே செய்தி ஓடும், உரத்த சத்தத்தில். படம் எங்களுடையது, குரல் அவர்களுடையது. அவர்கள் நல்ல மனிதர்கள், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தந்தவர்கள். ஆனால் இராணுவம் ஒரு ஊரைப் பிடித்ததாகச் செய்தி வந்தால் சந்தியில் வெடி கொளுத்துகிற கூட்டத்தில் அவர்களும் போய் நிற்பார்கள், மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு அவர்களுடைய கொண்டாட்டப் பாற்சோறு வரும். நாங்கள் தட்டை வாங்கி, சிரித்து, நன்றி சொல்லி, கழுவித் திருப்பிக் கொடுத்தோம். அதைச் சாப்பிட்டோமா என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

என் மனைவி கதிரையில் இருந்து பார்ப்பதில்லை. பெட்டிக்கு முன்னால் முழங்காலில் நிற்பாள். மூக்கு கண்ணாடியில் முட்டும். ஒருநாள் திடீரென்று விரலைத் திரையில் குத்தினாள்.

"இஞ்சாருங்கோ, உவள்தான். உவள்தான்."

நான் எட்டிப் பார்க்குமுன் அந்தக் காட்சி போய்விட்டது. மறுநாளும் அதே படத்தைப் போட்டார்கள், பழைய படத்தைத் திரும்பத் திரும்பப் போடுவது அவர்கள் வழக்கம். வரிசையில் ஒரு பெண், பக்கவாட்டில், ஒரு சிறுமியின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். இரண்டு விநாடி இருக்கும். முகம் பயறளவு. அது தங்கையாகவும் இருக்கலாம், நான் வாழ்க்கையில் காணாத ஒருத்தியாகவும் இருக்கலாம்.

"அவள் எண்டால் மகன் எங்க?" என்று மனைவி கேட்டாள். பிறகு அவளே சொன்னாள்: "பெரிய ரீவி ஒண்டு எடுப்பமே? முகம் பெரிசாத் தெரிஞ்சா நான் சொல்லிப்போடுவன்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோசம் வந்தது. ஏழு மாதமாக எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் இருந்தது. அழுகிறவளுக்குப் பக்கத்தில் இருந்து சுவரைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை தெரியாதவனாக இருந்தேன். இப்போது விடை கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கேள்வி வந்திருக்கிறது. அதுவும் என் பாடத்தில்.

இரண்டு கிழமை நான் வேறொன்றும் செய்யவில்லை. கடை கடையாகப் போய் விளம்பரத் தாள்களை அள்ளிக்கொண்டு வந்தேன். மாணவர்களின் பரீட்சைத் தாள்கள் திருத்தாமல் கிடக்க, ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு அட்டவணை எழுதினேன். அப்போது கடைகளில் மூன்று வகை இருந்தன: குழாய், பிளாஸ்மா, எல்சிடி. பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும், இருட்டு இருட்டாகவே தெரியும், ஓடுகிற ஆளின் உருவம் இழுபடாது. எங்கள் சனம் வெயிலில் கறுத்த சனம், மங்கிய நேரத்தில் எடுத்த படம், நடந்துகொண்டிருக்கும் ஆட்கள். ஆகவே பிளாஸ்மாதான் என்று முதலில் முடிவு செய்தேன். பிறகு, அசையாத படம் ஒன்றை நெடுநேரம் காட்டினால் அதன் நிழல் பிளாஸ்மாத் திரையில் தங்கிவிடும் என்று வாசித்தேன். நாங்களோ மூலையில் அடையாளமும் அடியில் எழுத்துப் பட்டியும் போட்ட ஒரே அலைவரிசையைத்தான் பார்க்கப்போகிறோம். எல்சிடிக்கு அந்தக் குறை இல்லை, புள்ளிகளும் அதிகம். முடிவை மாற்றினேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு விளக்கினேன். பின்னால் இருந்து வருகிற விளக்கொளியைத் திரவப் பளிங்கு எப்படி மறிக்கிறது என்று பிட்டுக்கோப்பையை வைத்தே காட்டினேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றைக் கேட்பாள்.

"முகம் தெரியுமோ?"

"தெரியும். தோலின்ர மடிப்புக்கூடத் தெரியும்" என்பேன்.

கண்டி நகரத்தில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே நின்ற விற்பனையாளர் அக்குறணைப் பக்கத்து முஸ்லிம், நாற்பது வயதிருக்கும், இதமாகப் பேசினார்.

"வாங்க சேர், இரிங்க மிஸ். என்ன பாக்கத்துக்கு சேர் எடுக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. கண்ணாடிக் கடைக்காரர் வாசிக்கவா, தூரத்துக்கா என்று கேட்பதில்லையா, அப்படித்தான். ஆனால் அந்த நாட்களில் தமிழன் எதை வாங்கினாலும் ஏன் என்பதற்கு ஒரு பதிலை வாயில் வைத்திருக்கவேண்டும். பெரிய பற்றரி வாங்கினால் ஏன், இரண்டாவது சிம் வாங்கினால் ஏன், உறவினர் வந்து தங்கினால் ஏன். எங்கள் வீட்டில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் பொலிசில் கிடந்தது. வன்னியில் எங்களுக்கு ஆள் இருக்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்தில்கூட நான் சொன்னதில்லை. கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள்.

"கிரிக்கெட்" என்றேன்.

மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

விற்பனையாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "மெச்சுக்கு எண்டா எல்சிடி தான் சேர். டிஷ் ஈக்கா ஊட்டுல?"

"போடப்போறம்." ஒரு பொய்க்கு மறு பொய் துணை.

அவர் ஒரு இறுவட்டைப் போட்டார். முப்பத்திரண்டு அங்குலத் திரையில் கடல் விரிந்தது. அதற்குள் மஞ்சளும் நீலமுமாக மீன்கள். ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரிந்தது. நான் மூக்கு முட்டுமளவுக்குக் கிட்டப் போய்ப் பார்த்தேன், அப்போதும் செதில் செதிலாகவே இருந்தது. அந்த மீனின் இடத்தில் ஒரு பெண்ணின் முகத்தை வைத்துப் பார்த்தேன்.

திரும்பினால் மனைவியைக் காணவில்லை. கடையின் மூலையில், அன்டெனா மாட்டிய ஒரு குழாய்ப் பெட்டியில் மதியச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதற்கு முன்னால் நின்றாள்.

"இதில நல்லாத் தெரியுதப்பா" என்றாள்.

"அது போன காலத்துச் சாமான். உமக்கு விளங்காது, வாரும்" என்றேன். அந்த 'உமக்கு விளங்காது' இன்றைக்கும் என் காதில் கிடக்கிறது.

பழையதைக் கொடுத்தால் புதியதில் கழிவு என்றார்கள். வான் வண்டியில் சாமானைக் கொண்டுவருகிறவர்களே எங்கள் பழைய பெட்டியை ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில், நாங்களும் ஏறிவந்த வானைச் சிப்பாய்கள் மறித்தார்கள். பெரிய அட்டைப்பெட்டி, தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டை. பெட்டியைத் திறக்கச் சொன்ன சிப்பாய்க்கு என் மகனாக இருக்கும் வயது. அவனுக்கும் சிங்களத்தில் "மெச் பலன்ட" என்றேன், மெச் பார்க்க என்று. அவன் சிரித்தான். எத்தனை அங்குலம் என்று கேட்டான், சொன்னேன், நல்லது என்று தலையாட்டி விட்டுவிட்டான். எனக்கு அவன்மேல் நன்றி வந்தது. நன்றி வந்ததை நினைக்க ஆத்திரமும் வந்தது.

அன்று பின்னேரம் யன்னலைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து, இருவரும் முன்னால் இருந்தோம். அன்டெனா வயரை மாட்டினேன். பக்கத்து வீட்டில் செய்தியின் இசை தொடங்கியது. எங்கள் புதிய திரையில் ஒரு சேற்றுக்குளம் தோன்றியது.

சேறு என்றுதான் சொல்லவேண்டும். செய்தி வாசிப்பவரின் முகம் கரைந்திருந்தது. பிறகு சனம் வந்தது, ஆனால் மனிதர்களாக வரவில்லை. சாம்பலும் மண்ணிறமுமான கட்டங்கள் நகர்ந்தன. மனைவி வழக்கம்போலக் கிட்டப் போனாள், கட்டங்கள் பெருத்தன. ஒரு அடி பின்வாங்கினாள், இன்னொரு அடி. கதிரையைத் தாண்டி, குசினி வாசல்வரை பின்னுக்கே நடந்து போனாள்.

"இஞ்ச நிண்டால் முகம் மாதிரித் தெரியுது" என்றாள் அங்கிருந்து.

நானும் போய் நின்று பார்த்தேன். உண்மைதான். குசினி வாசலில் இருந்து பார்த்தால் முகம் தெரிந்தது, பயறளவில்.

முதலாம் ஆண்டுப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். திரையில் எத்தனை புள்ளி என்று எண்ணினேனே தவிர, ஹந்தானை மலை ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து என் கூரைக் கம்பிக்கு வந்து சேருவதில் எத்தனை இருக்கிறது என்று எண்ணவில்லை. அனுப்பாத ஒன்றை எந்தத் திரையும் காட்டாது. சிறிய குழாய்ப் பெட்டி அந்தக் குறையை மெழுகி மறைத்துக்கொண்டிருந்தது, பெரியது விரித்துப் போட்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

மனைவி என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்த மீனைப் படம் எடுத்தவன் மீனைக் காட்ட எடுத்தவன்" என்றாள். "இவங்கள் ஆளைக் காட்டவோ எடுக்கிறாங்கள்? சனத்தைக் காட்ட எடுக்கிறாங்கள்."

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக மறுநாள் கடைக்கு ஓடினேன். எங்கள் பழைய பெட்டி வந்த கையோடு கலஹாப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் போய்விட்டதாம். விற்பனையாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னை ஒரு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"அன்டெனாவுல நியூஸ் பாக்கத்துக்கு எண்டு ஒரு சொல்லு சொல்லியிருந்தா, பழசையே வெச்சிக்கோங்கண்டு நானே சொல்லியிருப்பன் சேர்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சேர்ட ஆக்கள் அங்கயா?"

ஏழு மாதத்தில் வெளியாள் ஒருவர் என்னிடம் அதைக் கேட்டது அதுவே முதல் தடவை. தலையாட்டினேன். அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கையிருப்பில் இருந்த குழாய்ப் பெட்டிகள் எல்லாம் முடிந்துவிட்டன, மூலையில் இருந்ததும் விற்றாயிற்று, வந்தால் சொல்வதாகச் சொன்னார். அவரிடம் ஒரு உண்மையைச் சொல்ல எனக்கு என்ன செலவாகியிருக்கும்? பயம் எங்களுக்குப் பழக்கமாகிப்போய்விட்டது, ஆபத்தில்லாத மனிதரிடமும் அதே பயத்தைக் காட்டினோம்.

மனைவி குசினி வாசலில் நின்றே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணின் படத்தைப் பிறகு அவர்கள் போடவில்லை. ஒருநாள் போர் முடிந்தது என்றார்கள், நகரம் முழுக்க வெடி கேட்டது. பாற்சோறு வந்தது.

பல மாதங்கள் முகாமில் இருந்துவிட்டுத் தங்கை வந்து சேர்ந்தாள். மகளோடு வந்தாள். மகனை, புலியோ என்ற சந்தேகத்தில், சோதனைச் சாவடியில் தனியாகக் கூப்பிட்டு வேறு பஸ்ஸில் ஏற்றினார்களாம். எங்கே என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

வந்து சில நாட்களில், பின்னேரச் செய்தியில் தடுப்பு முகாம் ஒன்றைக் காட்டினார்கள். ஒரே மாதிரிச் சட்டை போட்ட பொடியன்கள் நிலத்தில் வரிசை வரிசையாக இருந்தார்கள். தங்கை எழும்பிப் போய்த் திரைக்கு முன்னால் முழங்காலில் நின்றாள்.

"கிட்டப் போகாத, பின்னுக்கு வா. பின்னுக்கு வந்தாத்தான் முகம் தெரியும்" என்று மனைவி அவளுடைய தோளைப் பிடித்து இழுத்தாள்.

அவள் அசையவில்லை. படத்தில் இருந்த பொடியன்கள் ஒருவர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லாருக்கும் தலை மட்டும்தான் தெரிந்தது.

"தெரியாதக்கா" என்றாள் தங்கை. "ஆரும் கண்டு காட்டிக் குடுத்திடுவினம் எண்ட பயத்தில, கமராவைக் கண்டா முகத்தைக் காட்டாத, குனிஞ்சிடு எண்டு நான்தான் அவனுக்குச் சொல்லிக் குடுத்தனான்."