முனியம்மாள் கைகாட்டிய இடம்

தோணிரேவு முனியம்மாளுக்குத் தண்ணீரில் நடக்கிற அளவுக்குத் தரையில் நடக்க வராது. பன்னிரண்டு வயதில் ஏரிக்குள் இறங்கியவள். இப்போது அறுபத்து மூன்று. பறி என்கிற ஓலைக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, இரண்டு கையாலும் அடிமண்ணைத் தடவி இறால் பிடிப்பதுதான் பிழைப்பு. வீட்டில் படுத்தாலும் தரை லேசாக ஆடுகிற மாதிரியே இருக்கும் அவளுக்கு. அதிலேதான் தூக்கமும் வரும்.

இறால் கிடப்பது ஏரி நடுவே உள்ள திட்டுக்கு அந்தப் பக்கம். அங்கே போகத் தண்ணீருக்கு அடியில் ஒரே ஒரு மணல் தடம் உண்டு, மாட்டுவண்டி அகலத்துக்கு. அதை விட்டு ஓரடி தப்பினால் சேறு. போன கால் திரும்பாது. தடத்துக்கு அடையாளம், கரையோரம் நின்ற சின்ன மாதா கோயில். அதன் வெள்ளைச் சுவரும், அதற்குப் பின்னால் ஊருக்குள் உயர நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் ஒரே நேரில் இருக்கும்படி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போகவேண்டும். தொட்டி ஒரு பக்கமாக எட்டிப் பார்த்தால் சேற்றுக்குப் போகிறோம் என்று பொருள்.

அந்தக் கோயிலுக்குள் முனியம்மாள் ஒருநாளும் போனதில்லை. வேற்றுச் சாமி என்பதற்காக இல்லை. ஈரப்புடவையோடு எப்படிப் போவது? தண்ணீரிலிருந்து பார்த்த முகம்தான் அவளுக்குக் கோயில். பனி மூடிய காலையில் கீழே ஏரியும் மேலே வானமும் ஒரே சாம்பலாகக் கிடக்கும்போது, நடுவில் அது மட்டும் வெள்ளையாக மிதக்கும்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அடித்த ஒரு புயலில் கோயில் விழுந்தது. செங்கல்லை ஆளுக்குக் கொஞ்சம் தூக்கிப் போனார்கள். புதுக் கோயிலை ஊருக்குள் கட்டிக்கொண்டார்கள். அப்புறம் ரோடு வந்து, இருந்த இடமே தெரியாமல் போயிற்று. முனியம்மாளின் கனவில் மட்டும் அது விழவே இல்லை. அடையாளம் போனாலும் அவள் பாதத்துக்குத் தடம் தெரியும். அவள் முன்னால் போவாள், மற்றப் பெண்கள் வாத்துக் கூட்டம் மாதிரிப் பின்னால் வருவார்கள்.

இப்போது முழங்கால் இரண்டும் போய்விட்டது. தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நாள் அவள் வீட்டில் இருந்தாள். அன்றைக்கே மருமகள் ஐஸ்வர்யா தடம் தப்பித் தொடைவரை சேற்றில் இறங்கி, தோணிக்காரர்கள் இழுத்துப் போட்டார்கள். ஏரிக்கு ஓர் அடையாளம் கிடைக்காமல் முனியம்மாள் கரையேற முடியாது.

அப்படியிருக்கும்போதுதான் ரோட்டோரம் சர்க்காரில் நினைவுக்கல் நடுகிறார்கள் என்று சேதி வந்தது. பழைய கோயில், பள்ளிக்கூடம், மசூதி எங்கெங்கே இருந்ததோ அங்கங்கே ஒரு கல். மாதா கோயிலுக்கும் ஒன்று. விடிந்ததும் போய்ப் பார்த்தாள். டீக்கடைப் பக்கம் குழி வெட்டியிருந்தது. ஆள் உயரக் கல் கயிற்றோடு படுத்திருந்தது. பக்கத்தில் கல் நடவந்த அதிகாரி தினகரனும், கோயில் உபதேசியார் டேவிட்டும்.

"இங்க இல்ல நைனா, கோயிலு. தோ, அந்தாண்ட."

"மேப்புல இங்கதான் ஆயா காட்டுது," என்றார் தினகரன்.

"உங்க மேப்பு ஏரியில எறங்கிச்சா?"

டேவிட் சிரித்தார். "முனிம்மா, நான் அந்தக் கோயில்ல மணி அடிச்சவன். எனக்கே எடம் தெரியல. நீ உள்ள வந்ததே இல்ல, உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ உள்ள இருந்தே, அதான் தெரியல. நான் வெளியில இருந்து பாத்தவ. கம்னு நின்னு என் கையப் பாரு."

பேசிக்கொண்டே ஏரிக்குள் இறங்கிவிட்டாள். முழங்கால் வலித்தது, தண்ணீர் இடுப்புக்கு ஏறியதும் வலியைக் காணோம். பாதம் துழாவியது. கிளிஞ்சல் கலந்த மணல் கடினமாகத் தட்டுப்பட்டது. தடத்தின் நடுவிலேயே நூறு கஜம் போய்த் திரும்பி நின்றாள். தூரத்தில் பூநாரைகள் அசையாமல் நின்றன. ஒரு நொடி, கரையில் கோயில் வெள்ளையாக நிற்பதைப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டியதும் காணோம். தொட்டி மட்டும் இருந்தது. கையைத் தூக்கினாள்.

"என்னையும் தொட்டியையும் நேரா வெச்சுப் பாரு! அந்த நேருல தோண்டு!"

கரையில் ஆட்கள் நகர்ந்தார்கள்.

"இன்னும் கெழக்கால! அய்யோ, அவ்ளோ இல்ல! ஒரு மொழம் பின்னால வா!"

கடப்பாரை இரண்டடி இறங்கியதும் ணங்கென்றது. சுண்ணாம்பு ஒட்டிய செங்கல் வரிசை, அப்படியே அஸ்திவாரம். டேவிட் குழிக்குள் குனிந்து அதைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். தினகரன் மேப்பை மடித்துப் பையில் வைத்தார்.

கல்லை அங்கேயே நட்டார்கள். ஈரம் சொட்டச் சொட்ட வந்து நின்ற முனியம்மாள் எழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இன்னா எழுதியிருக்கு?"

"இங்க கோயில் இருந்துச்சுனு," என்றார் டேவிட்.

"அத எனக்கேவா சொல்றீங்க? மூஞ்சி ரோட்டப் பாக்கட்டும். பின்பக்கம் வெள்ள அடிக்கணும் சார். ஏரிக்குத் தெரியணும்."

தினகரன் தலையைச் சொறிந்தார். "முன்பக்கத்துக்குத்தான் ரூல்ஸ் இருக்கு ஆயா. பின்பக்கத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல."

மதியத்துக்குள் டேவிட்டே சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தார்.

மறுநாள் விடிகாலை பனி. பெண்கள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள், ஐஸ்வர்யா முன்னால். முனியம்மாள் உலர்ந்த புடவையோடு கல்லின் வெள்ளையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வருஷத்தில் இந்த நேரத்தில் கரையில் இருப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தரை லேசாக ஆடியது. பறிகள் பனிக்குள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. சிரிப்புச் சத்தம் மட்டும் தண்ணீர்மேல் தவழ்ந்து வந்தது. தானும் கூடவே போய்க்கொண்டிருப்பதாகத்தான் அவளுக்கு இருந்தது; பாதம் மண்ணில் கிளிஞ்சலைத் தேடியது.

பனிக்குள்ளிருந்து ஐஸ்வர்யா கத்தினாள்.

"அத்தே! கொஞ்சம் தள்ளி உக்காரு! கல்ல மறைக்கிற!"

முனியம்மாள் கையை ஊன்றி, ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.