விண்ணப்பதாரரின் கையெழுத்து

அப்பா இறந்த அன்று வெள்ளவத்தை வீட்டில் எனக்குத்தான் வேலை அதிகம். இறப்புப் பதிவு, பொரளை மயானத்தில் தகனத்துக்கு நேரம் எடுப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் என் தலையில். நான் ஒரே பிள்ளை, கந்தோர் வேலையில் சிங்களம் கதைத்துப் பழகியவள். ஆகவே ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. அடுத்த நாள் பெட்டியைத் தூக்கியதும்தான் அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, கேற்றடியில் மறித்தார்.

“பொம்பிளையள் சுடலைக்கு வாறேல்லைப் பிள்ளை. கொள்ளி நான் வைக்கிறன்.”

இந்த வழக்கத்தை யாழ்ப்பாணத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். எனக்கு வந்த கோபத்தில் அழுகைகூட வரவில்லை. கடைசிவரை அப்பாவோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. வேறு வழியில்லாமல் வாளியை எடுத்து வீட்டைக் கழுவத் தொடங்கினேன்.

அரை மணித்தியாலத்தில் சித்தப்பா போன் எடுத்தார்.

“பிள்ளை, ஐடென்டிட்டி கார்ட்டோட உடன வா. ஃபோமில உன்ர பேர்தானாம். நீ கையெழுத்து வைக்காமல் உள்ளுக்கு எடுக்கமாட்டினமாம்.”

அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வந்தது. நனைந்த சேலையோடே ஓட்டோ பிடித்தேன்.

எங்களுக்கு முந்திய நேரம் ஒரு சிங்களக் குடும்பத்தினுடையது. வெள்ளைச் சேலை உடுத்த மகள்மார் தகனச் சூளை வாசலில் கும்பிட்டுவிட்டுத் தகப்பனின் படத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சித்தப்பா அவர்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கையெழுத்து வைத்தேன். போ என்று யாராவது சொல்வார்கள் என்று ஓரமாகவே நின்றேன்.

கர்ப்பூரம் கொளுத்திய சந்தனக்கட்டையோடு சித்தப்பா பெட்டிக்குக் கிட்டப் போனார். இரண்டு தரம் கட்டையை நீட்டி, இரண்டு தரமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அண்ணைக்கு என்னால ஏலாது பிள்ளை. நீ வை.”

பின்னால் யாரோ பெரியவர் செருமினார். “சும்மா இருங்கோ,” என்றார் சித்தப்பா, அவரைப் பார்க்காமலே.

நான் வாங்கி, முதல் தரத்திலேயே பெட்டியின் மேல் வைத்தேன்.

கொள்ளி வைத்தவர் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும் என்பார்கள். நான் போகவில்லை. சூளையின் இரும்புக் கதவு முழுதாக மூடும்வரை அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.